வராகன் கிடந்த கட்டி

22-1-1956, ஞாயிறு

இன்றைக்கும் மூன்று பேர் வந்தார்கள், அந்தக் கட்டியைப் பார்க்க. காப்பி போட்டது நான். கட்டியைத் தூக்கிக் காட்டியது ஓமனா.

கொழுந்தன் குமாரதாஸ் சிங்கப்பூரில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறார். போன வருஷம் லீவில் வந்தபோது பெண்டாட்டி ஓமனாவுக்கென்று கொண்டுவந்த பிளாஸ்டிக் கட்டி இது. சோப்புக் கட்டியளவு இருக்கும். கண்ணாடி தோற்றுப்போகும், அவ்வளவு தெளிவு. நடுவில் பதிந்து கிடப்பது, தலைமுறையாக எங்கள் வீட்டில் இருக்கிற பொன்வராகன் காசு. அடிப்பக்கம் பச்சைத் துணி ஒட்டியிருக்கிறது. ஓமனா அதை ஜன்னல் படியில், வெயில் விழுகிற இடம் பார்த்து வைத்திருக்கிறாள். யாராவது கையை நீட்டினால், “தொடாண்டாம், கைப்பாடு விழும்” என்று ஒரு சிரிப்பு. “அவிய எனக்குன்னு செஞ்சது” என்று ஒரு பெருமை.

எனக்கு வயிறு எரிகிறது. இங்கே எழுதாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல? பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நான். மாமிக்கு வாதம் வந்து கிடந்தபோது காலுக்குக் குழம்புத் தைலம் தேய்த்தது நான். வராகன் முறைப்படி மூத்தவன் வீட்டுக்கு வரவேண்டியது. ஆனால் இளையவன் கப்பல் ஏறுகிறான் என்றதும் மாமி அதை ராசிக்கென்று அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு வடசேரியில் பாத்திரக்கடை. விற்காத ஒடுங்கின செம்பெல்லாம் எனக்கு.

3-2-1956

ஓமனாவுக்குக் கடிதம் வந்தது. நாலு பக்கம்! இவர் எனக்கு இதுவரை எழுதியது ஒரே ஒரு கார்டு. அதிலும் பாதி, கடைச்சாமான் பட்டியல்.

12-2-1956, ஞாயிறு

என் மகள் பேபிக்கு மயிலாடியில் இடம் முடிந்துவிட்டது. பையன் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குணம் என்கிறார்கள். சித்திரையில் பொன்னுருக்கு, வைகாசியில் கல்யாணம். தாலிப்பொன்னை எங்கள் முற்றத்திலேயே உருக்க மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள்.

எல்லோரும் போனபிறகு மாமி சொன்னாள்: “மக்கா, சம்பந்தக்காரவியகிட்ட நம்ம வராகன் கதையைச் சொல்லியாச்சு. பிள்ளைக்க தாலியில நம்ம பொன்னு ஒரு பொட்டு சேரணும்.”

இந்த வீட்டு வழக்கம் அது. எந்தக் கல்யாணமானாலும் வராகனின் பின்பக்கத்தில் அரத்தால் கடுகளவு ராவி எடுத்து, உருக்குகிற பொன்னோடு சேர்ப்பார்கள். மாமியின் தாலியில் இருக்கிறது, என் தாலியில் இருக்கிறது, ஓமனா தாலியிலும் இருக்கிறது. ராவி ராவிப் பின்பக்கத்தில் ஒரு குழியே விழுந்துவிட்டது. மாமி கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவியே அது நம்ம வராகன்தான் என்று சொல்வாள். கட்டிக்குள் வந்ததிலிருந்து, தொட முடியவில்லையே என்று அவளுக்கும் ஒரு குறை.

ஆக, கட்டியை உடைத்தே ஆகவேண்டும். என் சந்தோஷத்தில் பிள்ளையின் கல்யாணம் எவ்வளவு, கட்டி உடையப்போவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4-3-1956, ஞாயிறு

ஓமனாவிடம் கேட்டேன். முகம் வெளுத்துப்போயிற்று. “வேற பவுன் வாங்கி ராவலாமே அக்கா. அது அப்படியே இருக்கட்டும்.”

அப்படியே இருக்கட்டுமாமே! யாருடைய வராகன் அது? எனக்கு வந்த ஆத்திரத்தில், “ஏட்டி, என் மவளுக்க தாலியைவிட ஒனக்கு ஜன்னல்ல வச்சு மினுக்கியதுதான் பெருசா?” என்று கத்திவிட்டேன். அடுத்த வீட்டுக்காரி செசிலி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஓமனா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றம் பெருக்கப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

1-4-1956

மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஓமனா கட்டியைக் கொழுந்தனின் துண்டில் பொதிந்து என் கையில் வைத்தாள். 

8-4-1956, ஞாயிறு

நகை செய்கிற கிருஷ்ணமணி ஆசாரி வீட்டுக்கு வந்து, ஊதுகுழலால் கட்டியின் ஒரு மூலையில் தீயைக் காட்டினார். அரக்குப் போல இளகிவிடும் என்று நினைத்திருக்கிறார். எங்கே இளக? குமிழ் குமிழாகப் பொங்கி, மஞ்சளடித்து, வீடு முழுக்க ஒரு நாற்றம். “இது நமக்குப் பிடிபடாத சரக்கு. இன்னும் காட்டினா வராகனுக்குச் சேதம்” என்று குழலை வைத்துவிட்டார்.

அழகு போயிற்று. இனி அதை யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். எனக்கு உள்ளே தித்தித்தது. ஓமனா கிணற்றடியில் போய் நின்று அழுதாள். நான் கூப்பிடவில்லை. எவ்வளவு கெட்டவள் நான்!

13-4-1956

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் யேசுரத்தினம் பாத்திரம் வாங்க இவர் கடைக்கு வந்தாராம். கதையைக் கேட்டுவிட்டு, “கண்ணாடி மாதிரி இருக்கிய என் பிளாஸ்டிக் பேனா ஒருக்கா குளோரோபாரத்துல விழுந்து கஞ்சியாப் போச்சு. பொன்னை அது ஒண்ணும் செய்யாது” என்று ஒரு சீசா கொடுத்தனுப்பினார். முகர்ந்து பார்க்காதே என்று பத்து தரம் சொல்லி விட்டாராம். கட்டியை வாயகன்ற கண்ணாடிக் குப்பியில் போட்டு, மருந்தை ஊற்றி, இறுக மூடிப் பின்வாசலில் வைத்திருக்கிறேன்.

14-4-1956

ஓரம் வழுவழுத்திருக்கிறது. ஓமனா மணிக்கொரு தரம் வந்து குப்பியைப் பார்க்கிறாள்.

16-4-1956, திங்கள்

மத்தியானம். மாமி உறக்கம், பேபி தையல் வகுப்பில், இவர் கடையில். நானும் ஓமனாவும் மட்டும் குப்பியைத் திறந்தோம். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றும் தலை கிறங்கியது. கட்டி நுங்கு போலக் கொழகொழவென்று ஆகியிருந்தது. ஈர்க்குச்சியால் வழித்து வழித்து வராகனை எடுத்தேன். கழுவினேன். திருப்பினேன்.

குழி இல்லை.

பெருவிரலால் தடவினேன். மழமழவென்று இருக்கிறது. கனமும் இல்லை. கல்லில் ஒரு இழுப்பு இழுத்தேன். மினுக்கு போய்ப் பித்தளை பல்லைக் காட்டியது.

நான் ஓமனாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும் அக்கா. சிங்கப்பூருக்குப் போன மொத வருசமே வராகனை வித்துப்போட்டாவ. ரெண்டு மாசம் காய்ச்சல்ல கெடந்தாவ, வேலையும் போச்சு. அம்மைக்க மொகத்துல எப்படி முழிக்கன்னு ராத்திரியெல்லாம் அழுதாவ. கையில எடுத்தா அம்மைக்குத் தெரிஞ்சிரும், உள்ள கெடந்தா ஆரும் தொடமாட்டாவன்னுதான் இப்படிச் செஞ்சாவ.”

ஒரு வருஷமாக அவள் கைப்பாடு, கைப்பாடு என்று பதறியது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

மாமியைக் கூப்பிட வாய் திறந்தேன். இதை மறைக்க மாட்டேன், திறந்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு நாள் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஊரே பார்த்துப் போன பவிசு பித்தளை! ஆனால் சொன்னால்? மாமி தாங்குவாளா? மயிலாடிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? என் பேபியின் தாலிக்குப் பொட்டுப் பொன் எங்கே இருந்து வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கொழுந்தன் தன் மானக்கேட்டைப் பெண்டாட்டியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அவளும் அதைக் காவல் காத்திருக்கிறாள். இவர் என்னிடம் ஒரு நாள் இப்படி அழுதது உண்டா? பித்தளை என்று தெரிந்த பிறகும் எனக்கு அவள்மேல் பொறாமைதான். முன்னைவிட அதிகம்.

வாயை மூடிக்கொண்டேன்.

23-4-1956, திங்கள்

பொன்னுருக்கு நல்லபடியாக முடிந்தது.

நடுவில் எழுத முடியவில்லை. வியாழக்கிழமை வராகனை முந்தானையில் முடிந்துகொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனேன். என் தாலியில் அந்தப் பொன் இருக்கிறதே, அதில் ஒரு பொட்டு ராவித் தாரும் என்று கேட்கத்தான் போனேன். போனால், ஓமனா எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்! கழற்றக்கூடாது என்பதால் தாலியைக் கழுத்தோடு பட்டறைக் கட்டையில் வைத்துக் குனிந்திருக்கிறாள். ஆசாரி அடியில் வெற்றிலையை வைத்து அரத்தால் பையப் பைய ராவுகிறார். இதிலும் முந்திக்கொண்டாளே, சவம் என்று வந்தது. அப்புறம் அவள் பக்கத்தில் நானும் மண்டியிட்டுக் கழுத்தைக் கொடுத்தேன். என் கண்ணில் தண்ணீர் எதற்கு வந்தது என்று தெரியவில்லை.  நான் கொண்டுபோன பித்தளை வராகனின் பின்பக்கத்தில், பழையதில் இருந்தது போல ஒரு குழியும் ஆசாரி போட்டுத் தந்தார்.

இன்று காலையில் சம்பந்தக்காரர்கள் சுற்றி நிற்க, மாமி வராகனைக் கையில் வாங்கிப் பெருவிரலால் தடவினாள். எனக்கு உயிரே இல்லை. “கப்பல்ல போய்ட்டு வந்ததுல பொன்னும் மெலிஞ்சு போச்சு” என்றாள். கொஞ்ச நேரம் ஓமனாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வராகனைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, வெற்றிலையிலிருந்த தூளை எடுத்துப் பொன் உருக்குகிற மூசையில் போட்டாள். “ஆசாரியே, ஊதும். இது நம்ம பொன்னுதான்.”

உருகி ஒரு துளியானது. எது அவளுடையது, எது என்னுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வியாழக்கிழமை, பட்டறையிலிருந்து ஓமனா எழுந்து வெளியே போனதும், ஆசாரியிடம் மெதுவாகச் சொல்லி, என் தாலியில் இரண்டு இழுப்பு அதிகமாக ராவச் சொன்னேன்.