மூக்குக்கு ஒரு நுளம்புவலை

போர் நடந்த தொண்ணூற்றொன்றில் பெற்றோல் கிடைக்கவில்லை. அப்போதிக்கரி கனகசிங்கம் உன்னிச்சைக் கிராமத்துக்கு மருந்து கொண்டுபோனது குதிரையில்தான். வெயிலில் அது ஓயாமல் தலையை உதறியது.

“ஆமிச் சென்றியில இது மிரண்டா சுட்டுப்போடுவானுகள். வித்துப்போடுவம்” என்று நேற்று மனைவி புஸ்பத்திடம் கத்தினார். அவள் படுக்கைக்குக் கட்டும் நுளம்புவலையை வெட்டி, குதிரையின் மூக்கை மூடத் தைத்தாள்.

இன்று அதைக் கட்டி வெயிலில் ஓட்டிப் பார்த்தவர், அவள் கோயிலுக்குப் போயிருந்ததால் சீட்டெழுதினார்:

“புள்ள, வலை கட்டினாப்பிறகு குதிர தலைய உதறல்ல. நான் அடிச்சுத் திருத்தப் பார்த்தன். நீதான் அதுக்கு வெயில் பட்டா மூக்கு எரியுதெண்டு கண்டாய். நேற்றுக் கத்தினது என்ர பிழை. மீன்கறி அடுப்பில இருக்கு. கதவுத் திறப்பு அம்மிக்குப் பின்னால. பொழுதுபட வருவன்.”

அடியில் நெருக்கி எழுதினார்: “விக்கமாட்டன். உன்னிச்சையில வலையப் பத்தி ஆர் கேட்டாலும் நீ தைச்சதெண்டுதான் சொல்லுவன்.”