பார்க்காமலே எடுக்கப் போகிறார்கள்

குத்துக்கல்வலசை,
செவ்வாய் இரவு.

அன்புள்ள வாப்பாவுக்கு, உங்கள் மகள் ஹம்னா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்கள் தம்மாமில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. உம்மா நலமாக இல்லை. இந்தக் கடிதத்தை உம்மாவுக்கும் தெரியாமல், மாமிக்கும் தெரியாமல், அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். மாமி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் என்ன சொல்வதென்று கணக்கு நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் நீங்கள் கேட்கவே இல்லை. இப்போது போனும் மாமி கையில், தம்பியிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்கிறார்கள். நாளை என் கூடப் படிக்கிற ஹஃப்சாவின் வாப்பா திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார், உங்களுக்கு உம்மா கொடுத்துவிடும் நார்த்தங்காய் ஊறுகாய் டப்பாவின் அடியில் இதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துவிடுவேன். எட்டு நாளாக ஒரு வார்த்தை பேசாதவருக்கு உம்மா ஊறுகாய் போட்டிருக்கிறார்கள். உங்கள் பிரஷருக்கு ஆகாதென்று உப்பைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் போன் செய்த காலத்தில் எப்போதும் கேட்பது, சாரல் எப்படி, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதுதான். நன்றாக விழுகிறது. உம்மாவுக்கும் ஏப்ரல் மாதத்திலிருந்து உதிரம் நிற்கவில்லை என்பதை மட்டும் நீங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உதிர நாளில் தொழக்கூடாது, ஆனால் தொழாமல் இருந்தால் மாமி நாள் கணக்குக் கேட்பார்கள் என்று பயந்து, பாங்கு சொன்னதும் அறையைச் சாத்திக்கொண்டு முஸல்லாப் பாயை விரித்துச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். போன வாரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனோம், நானும் கூடப் போனேன். ரத்தம் ஏழுதான் இருக்கிறதாம். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சின்னதாக ஏதோ சதை மாதிரித் தெரிகிறதாம். அந்த டாக்டரம்மா நல்லவர்கள் வாப்பா. என் பேனாவை வாங்கி ரீஃபிலை உருவிக் காட்டி, "இங்கன பாருங்க, கேமரா இந்த கனந்தான் இருக்கும். வெட்டு கெடையாது, மயக்க மருந்தும் வேண்டாம், முன்னாடியே ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டா போதும். கால் மணி நேரம். உள்ள என்ன இருக்குன்னு டிவில நீங்களே பாக்கலாம். வலி தாங்கலைன்னா நிறுத்துங்கன்னு சொல்லுங்க, நிறுத்திருவேன்" என்றார்கள். சின்னச் சதையாக இருந்தால் அப்போதே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாமாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாமாம். முன்பெல்லாம் ஆளை மயக்கிப் போட்டுக் கண்ணால் பார்க்காமலே சுரண்டி எடுப்பார்களாம். உம்மா, பையையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டதற்கு, "எடுக்கணும்னா எடுக்கலாம்மா, ஆனா பாக்காம எடுக்காதீங்க" என்றார்கள். உதிரம் குறைய மாத்திரை கொடுத்து, வருகிற வெள்ளிக்கிழமைக்கு வரச்சொன்னார்கள்.

அந்தக் கேமராவை வைப்பதற்கு முன் யாராக இருந்தாலும் கர்ப்பம் இல்லை என்று ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். கல்யாணம் ஆகிப் புருஷன் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் எல்லோருக்கும் அது உண்டாம், நர்ஸ் சொன்னார். முதல் நாளே எடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் மாமி விவரம் கேட்டார்கள், நான்தான் ஸ்கேன் படத்தைக் காட்டலாம் என்று ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். மாமி அந்த டெஸ்ட் சீட்டை மட்டும் உருவி எடுத்து, "ஏட்டி மிஸ்ரியா, ஒம் மாப்பிள்ள தம்மாம் போயி இருபது மாசம் ஆச்சு, ஒனக்கு எதுக்குட்டி இந்த டெஸ்ட்டு?" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டார்கள். உம்மா பதில் சொல்வதற்குள் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியும் விட்டார்கள். நான் பிறகு போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மாமியின் கட்டைவிரல் கீழ் வரியை மறைத்துக்கொண்டிருக்கிறது. வேண்டுமென்று மறைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் விரலை எடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள்.

உம்மா அழவில்லை. "இந்தப் பையினாலதான ஒங்க வாப்பா என்னயச் சந்தேகப்பட்டாரு, எடுத்துத் தூரப் போடட்டும்" என்கிறார்கள். மாமியும், "பெத்து முடிச்சாச்சுல்லா, இனி அது எதுக்கு" என்று இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் ஆபரேஷன். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டுச் செய்வார்களாம். உள்ளே இருப்பது நல்ல சதையா கெட்ட சதையா என்று ஒருவரும் இன்னும் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது வாப்பா. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டாலே வீட்டிலிருந்து ஏதோ செய்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஹஃப்சாவின் வாப்பா வியாழக்கிழமை உங்கள் ரூமுக்கு வந்து டப்பாவைத் தருவார். அன்றைக்கே ஹஃப்சா வீட்டு நம்பருக்குப் பேசுங்கள், நான் உம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய் வைத்திருப்பேன். மன்னிப்பெல்லாம் கேட்க வராது உங்களுக்கு, தெரியும். வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்குப் போ மிஸ்ரியா என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபைலை என் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றும் விசாரித்துவிட்டேன். இதை நான் எழுதினேன் என்று மாமியிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாத்திரையைத் தவறாமல் போடுங்கள், வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள். ரப்பு உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உம்மாவையும் எனக்கு விட்டுவைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
ம. ஹம்னா, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு.

மறந்துவிடாமல்: அந்தச் சீட்டையே இதோடு வைத்திருக்கிறேன். மேலே இருப்பது டெஸ்ட்டின் பெயர். அதை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். கீழே, விரல் இருந்த இடத்தில், 'இல்லை' என்று போட்டிருக்கிறது. அதையும் படியுங்கள்.