முறியாத வருடம்

ஆவடி,
ஏப்ரல் 27.

மதிப்புக்குரிய மதர் அவர்களுக்கு,

ரேஷ்மாவின் தகப்பன் சவரிநாதன் பணிவுடன் எழுதுவது. நவதுறவியருக்கு வரும் கடிதங்களை நீங்கள் பிரித்துப் படித்த பிறகுதான் அவர்கள் கையில் கொடுப்பீர்கள் என்பது தெரியும். அதனால் என் மகளுக்கு எழுதிய கடிதத்தை ஒட்டாமலே இதனுடன் வைத்திருக்கிறேன். முழுவதும் படியுங்கள். படித்துவிட்டு எந்தப் பக்கத்தையும் எடுத்துவைக்காமல் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

மே 31 அன்று அவள் முதல் துறவற வார்த்தைப்பாடு கொடுக்க இருக்கிறாள். அதற்கு முந்தின எட்டு நாள் தியானம் தொடங்குவதற்குள் இது அவள் கைக்குப் போய்விட வேண்டும். படித்தபின் அவள் வார்த்தைப்பாடே வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் தயவுசெய்து நல்ல வார்த்தை பேசி நிறுத்திவைக்காதீர்கள். இதில் உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என் மேல்தான்.

பணிவுடன்,
ச. சவரிநாதன்.


அன்பு மகள் ரேஷ்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன்னோடு நவதுறவகத்தில் இருக்கிற நான்கு பிள்ளைகளும் உடலிலும் மனதிலும் சுகமாக இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நான் சுகம் என்று எழுதித்தான் பழக்கம். இன்று அதை எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறேன், ஷிப்டுக்குப் போய் வருகிறேன், அவ்வளவுதான்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் இந்த வருடம் சித்திரை பிறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டது. குவார்ட்டர்ஸில் தண்ணீர் காலையில் முக்கால் மணி நேரம்தான் வருகிறது. சமையல் நான்தான். ரசம் மட்டும் பரவாயில்லாமல் வருகிறது. சாம்பார் வைத்த அன்று அதை நானே சாப்பிட்டு நானே பரிகாரம் தேடிக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சரசா அக்கா அவ்வப்போது குழம்பு கொடுத்துவிடுகிறாள். ஆனால் அவள் வருவதில்லை, மகள் கார்த்திகாவிடம் கொடுத்து அனுப்புகிறாள். ஜனவரியிலிருந்து என்னோடு அவள் பேச்சு இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே எழுதுகிறேன்.

புதிய பங்குத்தந்தை பிரசங்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். உன் அம்மா இருந்திருந்தால் இவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பாள்.

மார்ச் மாதம் நீ எழுதிய கடிதம் வந்தது. அதற்குத்தான் இது பதில். இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு வேலை அதிகம் என்று சொல்லலாம். அது பொய். உன்னிடம் சொன்ன பொய்கள் போதும்.

நீ எழுதியிருந்தாய்: "சில நாள் இது எனக்கு ஏற்ற வாழ்க்கைதானா என்று தோன்றுகிறது அப்பா. பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதெல்லாம் அம்மாவை நினைத்துக்கொள்வேன். சாகும்போதுகூட என்னைப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டாளே, என் வருடம் கெட்டுவிடக் கூடாது என்று. அவள் கொடுத்ததற்குமேல் நான் என்ன கொடுத்துவிடப் போகிறேன்? என் வார்த்தைப்பாடு அம்மா மேல்தான் நிற்கிறது."

இந்த வரிகளை நாலைந்து தடவை படித்தேன். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன்.

கண்ணு, அம்மா அப்படிச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னது நான்.

அக்டோபரில் பெரிய ஆஸ்பத்திரியில் ரிசல்ட் கொடுத்தார்கள். கணையத்தில் கட்டி, பரவியும்விட்டது, மூன்று நான்கு மாதம் என்றார்கள். திரும்பி வரும்போது லோக்கல் ட்ரெயினில் உட்கார இடம் கிடைத்தது. அம்பத்தூர் தாண்டியது. திருமுல்லைவாயில் வருவதற்குள் அம்மா, பிள்ளைக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். ஏதோ ரேஷன் கடைக்குப் போகலாமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் உடனே சட்டம் பேச ஆரம்பித்தேன். நவதுறவகத்து வருடம் என்பது மற்ற வருடங்கள் மாதிரி இல்லை, முந்தின படிகளில், கேண்டிடேட்டாக இருந்தபோதும் போஸ்டுலண்டாக இருந்தபோதும் லீவில் வந்து போன மாதிரி இப்போது வர முடியாது, முப்பது நாள் வெளியே இருந்தால் வருடம் முறிந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், அம்மாவை இந்த நிலையில் பார்த்தால் நீ முப்பது நாளில் திரும்பிப் போவாயா என்றெல்லாம் சொன்னேன். நான் சாமியாராகப் படிக்கப் போன இளங்குருமடத்தில் எங்கள் பழைய அதிபர் சாமி சொன்னது அப்படியே மனதில் இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கேட்டதை வேதவாக்கு மாதிரி ஒப்பித்தேன்.

அம்மா மறுத்துப் பேசவில்லை. "நீங்க படிச்சவுங்க, ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். என்னை வாழ்நாளெல்லாம் அரைச் சாமியார் என்று கேலி செய்தவள் அன்றைக்குப் பார்த்து என்னை முழுதாக நம்பிவிட்டாள்.

இரண்டாம் தடவை டிசம்பரில். நான் வாசலில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியில் இருந்தபடி, திண்டுக்கல்லுக்கு ட்ரெயினில் எத்தனை மணி நேரம் ஆகும் என்றாள். எட்டு மணி நேரம் என்றேன். படுத்துக்கொண்டு போகிற சீட்டு கிடைக்குமா, நீ வெள்ளைச் சேலையும் முக்காடுமாக எப்படி இருக்கிறாய் என்று கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்றாள். இந்த உடம்பை வைத்துக்கொண்டா என்று அதட்டினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்கு எழுதிய கடிதத்தில் அம்மாவுக்கு வாயுத் தொல்லை, பலகாரம் அதிகமாகிவிட்டது என்று எழுதினேன். அதை எழுதும்போது அவள் எனக்குப் பின்னால் கட்டிலில்தான் இருந்தாள். என்ன எழுதினேன் என்று கேட்டாள். நீ விசாரித்ததாக எழுதினேன் என்று அவளிடம் சொன்னேன்.

மூன்றாவதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. ஜனவரி 4, சனிக்கிழமை. நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மா சரசாவைக் கூப்பிட்டு மடத்து நம்பரைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே வரும்போது போன் அவள் காதில் இருந்தது. மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. நான் போய் அதை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டேன். வாங்கினேன் என்று எழுதுகிறேன், பிடுங்கினேன் என்பதுதான் சரி. அவள் விரலில் பலமே இல்லை. இன்னும் நாலு மாதம் பொறுத்துக்கொள் ஞானம், மே மாதம் போய் நேரிலேயே பார்க்கலாம் என்றேன். நாலு மாதம் கிடையாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

சரசா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். போகும்போது, "பொண்ண சாமிக்குக் குடுத்துட்ட அண்ணாத்தே, செரி. அவ அம்மாக்காரிய யாரக் கேட்டுக் குடுத்த?" என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது. நம் வேதம் அவளுக்குத் தெரியாது. ஆனால் எது சரி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடக்கத்தன்று நீ மதரோடும் இரண்டு சிஸ்டர்களோடும் வேனிலிருந்து இறங்கினாய். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாய். சுற்றிலும் இருபது பேர். உன் பார்வையைத் தாங்க முடியாமல், அம்மாதான் உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அதை யாரோ பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்ல, அவர் பூசையில் தியாகத் தாய் என்று பிரசங்கமே வைத்துவிட்டார். எல்லோரும் அழுதார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நீங்கள் புறப்படும்போது மதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார்கள். "ஏங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல? பதினஞ்சு நாள் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அதுக்கு மேல போனாலும் அந்த நாளக் கடைசில ஈடு பண்ணிக்கலாம். மூணு மாசம் தாண்டினாத்தான் வருஷம் போகும்." முப்பது நாள் கணக்கெல்லாம் எப்போதோ மாறிவிட்டதாம். நான் செமினரியில் சேர்வதற்கு முன்பே மாறிவிட்டது. எங்கள் அதிபர் சாமி பழைய மனுஷன், பழையதையே சொல்லியிருக்கிறார். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். செமினரியில் இருந்தவன், எனக்குத் தெரியாதா என்ற திமிரில் கேட்கவில்லை.

அம்மா படுத்த படுக்கையான டிசம்பரிலேயே நீ வந்திருக்கலாம். ஒரு மாதம் அவள் பக்கத்தில் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். உன் வருடத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இத்தோடு நிறுத்தினால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஆகும். அதுவும் முழு உண்மை இல்லை. நான் செமினரியைவிட்டு வந்தது உடம்புக்கு முடியாமல் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மெய்யியல் இரண்டாம் வருடத்தில் உன் தாத்தா இறந்தார். அடக்கத்துக்கு ஊருக்குப் போனேன். முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று உன் பாட்டி அழுதாள், இருந்தேன். பிறகு அறுப்பு முடியட்டும் என்றார்கள், இருந்தேன். அங்கி டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. திரும்பிப் போகவே இல்லை. சாவு வீட்டுக்குப் போனவன் மடத்துக்குத் திரும்பமாட்டான் என்பது என் சொந்த அனுபவம். சட்டம் எனக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். நான் முடிக்காததை நீ முடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. கேண்டிடேட், போஸ்டுலண்ட், நவதுறவி என்று நீ ஒவ்வொரு படி ஏறும்போதும் மெஷின் ஷாப்பில் ஸ்வீட் கொடுத்தவன் நான். இறங்கிவிட்டாள் என்று சொல்ல வேண்டி வருமோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்காக உன் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். "ஆண்டவர் மன்னித்துவிட்டார், மிச்சம் உன் மகளிடம் இருக்கிறது" என்று சாமியார் சொன்னார். அது இல்லாமலும் உனக்கு எழுதியிருப்பேன். என் பொய்யின் மேல் நின்றுகொண்டு நீ ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுப்பதானால் உன் மனதுக்காகக் கொடு. உன் மனதில் அது இல்லையென்றால் யாருக்காகவும் கொடுக்காதே. அம்மா உன்னை யாருக்கும் காணிக்கையாக வைத்துவிட்டுப் போகவில்லை. அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

பூசையில் பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்துப் பீடத்தடி வரை அழைத்துப்போய் ஒப்படைக்க வேண்டுமாம். அம்மா இல்லாததால் என்னோடு யார் வருகிறார்கள் என்று மடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. நானே வரலாமா என்பதை நீ சொல்ல வேண்டும். வர வேண்டாம் என்றால் வரமாட்டேன். கடைசி பெஞ்சில் இருந்துவிட்டுப் போ என்றால் அப்படியே செய்கிறேன். வார்த்தைப்பாடு வேண்டாம், வீட்டுக்கு வருகிறேன் என்றால் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். கேட்கிற ஊர்க்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்றாலும் எழுதிவிடு. எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கடிதம் முடிக்கும்போது உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதிப்பது வழக்கம். இன்று போடவில்லை. கடைசி இரண்டு நாளும் அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் நீ என்று நினைத்துக்கொண்டாள். ரேஷ்மா, வந்துட்டியா என்று சொல்லி என் நெற்றியைத் தடவித் தடவிச் சிலுவை போட்டாள். நான்தான் என்று சொல்லாமல் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அத்தனையும் உனக்குச் சேர வேண்டியது, மகளே. வாங்கிக்கொள்ள உனக்கு மனம் வருகிற அன்றைக்குச் சொல். எங்கே இருந்தாலும் வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உன் அப்பா,
சவரிநாதன்.