ஆறு மணி இரைச்சல்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். இரண்டு இடத்தில் மரம் சாய்ந்து லைன் அறுந்துவிட்டது. கம்பம் ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போயிற்று. வயர்மேன் வேலைக்கு ஐம்பத்துநாலு வயது அதிகம்தான்.

வந்ததும் செட்டின் முன் உட்கார்ந்தேன். பழைய ராணுவ ஒயர்லெஸ். வேலூர் காயலான் கடையில் எடுத்து ஏழு மாதமாகப் பிரித்துப் போட்டிருந்தது. உப்பிய கெபாசிட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. துருப்பிடித்த சுவிட்ச் தேய்த்தாயிற்று. டயல் நுணுக்கமாகத் திரும்பப் புதுப் பல்சக்கரம். பேசுகிற பக்கம் முன்பே சரி. கேட்கிற பக்கம் இன்றுதான் உயிர் பெற்றது.

மாலை 5.50. ஹாம் ரேடியோவில் பேசும் திருச்சி நண்பரின் குரல், பக்கத்து அறையில் பேசுவதுபோல். சரியாக ஆறுக்குக் ‘கொர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல். எல்லாம் மூழ்கிவிட்டது. என் வேலையில்தான் எங்கோ பிசகு. சாப்பிடவில்லை. படுத்துவிட்டேன்.

5, புதன்

அதே ஆறு மணி. அதே கொர்ர்ர். வால்வு மாற்றினேன். வீட்டு மெயினை அணைத்து பேட்டரியில் ஓட்டினேன். அப்படியே. ஆக, கோளாறு செட்டில் இல்லை, வெளியே.

முதலில் நிம்மதி. அப்புறம் எரிச்சல்.

7, வெள்ளி

மழை விட்டது. புல்லெல்லாம் ஈரம். சின்ன டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு மணிக்கு நடந்தேன். கிழக்கே போனால் இரைச்சல் குறைகிறது. மேற்கே, தங்கை சாந்தியின் சாமைக் கொல்லைப் பக்கம், கூடிக்கொண்டே போகிறது. வரப்புக்கு முன்னால் காது கிழிந்தது. நின்றேன்.

குச்சி நட்டு முழங்கால் உயரத்தில் கம்பி. புல் உரசும் இடத்தில் நீலப்பொறி. மோட்டார் கொட்டாயிலிருந்து நேராக இழுத்த கரண்ட். ஆறு மணி என்பது அதைப் போடும் நேரம். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால்.

கம்பி என்னுடையது. ஏரியல் கட்டி மிஞ்சியதைத் துணிக்கொடிக்கென்று சாந்தி கேட்டாள். நான்தான் கொடுத்தேன்.

சுற்றிப்போய் கொட்டாயில் ஃபியூஸைப் பிடுங்கினேன். சாந்தியின் புருஷன் முருகேசன் ஓடிவந்தான்.

“இன்னா மச்சான் பண்றீங்க?”

“ஆள் செத்துப்பூடுவான் மாப்ள.”

“இருட்டுனா எவன் வர்றான் இங்க? பன்னிதான் வருது. போன வருசம் பாதி கொல்லைய மேஞ்சிட்டுப் போச்சு. உங்க ரேடியோவா எங்களுக்கு சோறு போடும்?”

கம்பியைச் சுருட்டி எடுத்து வந்தேன்.

8, சனி

சாந்தி வந்தாள். உட்காரவில்லை.

“கரண்ட் ஆபீஸ்ல சொல்லிடுவியாண்ணா?”

“தெரியலம்மா.”

“சொன்னா அவர புடிச்சிகினு போயிடுவாங்க.”

“சொல்லாம வுட்டு, மறுபடியும் இழுத்து, எவனாச்சும் செத்தா?”

முந்தானையைத் இழுத்துச் செருகிக்கொண்டாள். போய்விட்டாள்.

புகார்த் தாளை எடுத்தேன். முருகேசன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

சாயங்காலம் செட்டில் துளி இரைச்சல் இல்லை. “சார், உங்க பக்கம் சரியாயிடுச்சா?” என்றார் ஹாம் ரேடியோவில் வரும் இன்னொருவர், கண்ணமங்கலம் நண்பர். ஆயிற்று என்றேன். சந்தோஷம் இல்லை.

11, செவ்வாய்

பன்றி புகுந்துவிட்டது. கால்வாசிக் கொல்லை போயிற்று. முருகேசன் மிதிபட்ட கதிர்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

14, வெள்ளி

லீவு. விடியற்காலை வேலூர் பஸ். நிற்கத்தான் இடம். சூரியத் தகட்டில் ஓடும் வேலிப்பெட்டி வாங்கினேன். கம்பியில் நொடிக்கு ஒருதரம் கரண்டைச் சுண்டிவிடும். பன்றி ஓடும், ஆள் சாகமாட்டான்.

கடைக்காரரே சொன்னார்: “பக்கத்துல ரேடியோ வெச்சா டிக் டிக்னு கேக்குங்க.”

தெரியும் என்றேன்.

மதியம் நானும் முருகேசனும் குச்சி நட்டோம். மூன்று மணி நேரத்தில் அவன் பேசியது: “அந்த சுத்திய குடுங்க.”

புகார்த் தாள் துவைக்கப் போட்ட சட்டையோடு ஊறிக் கூழாகிவிட்டது. மறதியா, வேண்டுமென்றேவா, எனக்கே தெரியவில்லை.

16, ஞாயிறு

வெயில். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்குச் செட்டைப் போட்டேன். திருச்சி நண்பரின் குரல். அதன்மேல் டிக். டிக். டிக். வடிகட்டி ஒன்று சேர்த்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

சாந்தி மொச்சைக் குழம்பு கொண்டுவந்தாள்.

“இன்னாண்ணா அது, டிக்கு டிக்குனு?”

“உங்க வேலிதான்.”

“ஐயோ. நீ பேசற நேரத்துக்கு நிறுத்தச் சொல்லட்டா?”

“வேணாம். ஓடட்டும். இது கேக்குற வரைக்கும் பழையபடி கரண்ட் இழுக்கலன்னு தெரியும்.”

அவளும் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பாத்திரத்தை வாங்கிக்கொள்ளாமலே போனாள்.

நாற்காலியில் சாய்ந்து டிக் டிக்கை எண்ணினேன். நாற்பதுக்குமேல் ஞாபகமில்லை, தூங்கிவிட்டேன். நண்பர்கள் என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.