கொள்ளு மேல் நின்ற சிவப்புக் கார்

தை 12, ஞாயிறு

இன்று என் இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார், நரிக்குடி ரோட்டில் வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று பரப்பியிருந்த கொள்ளுச் செடியில் சிக்கி நின்றுவிட்டது. காரை வாங்க வந்த கோயம்புத்தூர்க்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். லாரி ஏறுகிற கொள்ளுதானே என்று நானும் ஏற்றிவிட்டேன். இந்த வண்டிக்கு வயிறு தரையோடு. சைலன்சரில் செடி சுற்றிப் புகைந்தது. கொள்ளுக்குச் சொந்தக்காரர் முத்துமாரியம்மா குடத்தோடு ஓடிவந்து ஊற்றி அணைத்தார்.

"ஏண்ணே, தவந்து போற வண்டியவா வாங்குனீக?"

கோயம்புத்தூர்க்காரர் வேர்த்துப்போனார். "பாதி விலைன்னா எடுத்துக்கறேனுங்க."

செடியை உருவிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். அந்த உறுமல் ஒன்று போதும். துருப்பிடித்த கூடாக வாங்கி, நான்கு வருடம், முப்பது லட்சம் கொட்டியது இதற்குத்தான். என் கொத்தமல்லி வியாபாரத்தில் இப்படிச் செய்திருந்தால் கடையைச் சாத்தியிருப்பேன். விற்கவில்லை என்று சொல்லி அவரை பஸ் ஏற்றிவிட்டேன்.

நனைந்த கொள்ளுக்குப் பணம் நீட்டினேன்.

"காசு கெடக்கட்டும். என்னைய ஒருக்கா இதுல ஏத்துங்க."

பேசி முடித்தது இதுதான்: செடி காய்ந்ததும் மல்லி ஏற்றும் என் லாரி அதன்மேல் பத்து நடை போகவேண்டும், வியாழக்கிழமை அவரை இந்தக் காரில் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும்.