கண்ணகை மாமிக்கு ஒரு கதிரை

நாவற்குடா,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கலாஜினி அக்காவுக்கு,

நலம் விசாரிப்பை முதலிலேயே முடித்துவிடுகிறேன். அப்பா நலம். உன்னிச்சை வட்டையில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது, அவர் அங்கேயே காவல் வாடியில் படுக்கிறார். நானும் நலம். கரடியனாற்றுப் பக்கம் ஓடுகிற வெட்டு மெசின்கள் பாதி பழசு, அதனால் எனக்குத் திருத்து வேலைக்குக் குறைவில்லை. அம்மா நலமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லாமல் ஏன் ஈமெயிலில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பா. நீயும் இரண்டாவது வசனத்திலேயே சரி சரி, பார்ப்பம் என்று வைத்துவிடுவாய். எழுத்தில் குறுக்கே கதைக்க ஏலாது.

உன் மகள் கஜானிட சடங்குக்கு அம்மா கனடா வர, அத்தான்ட தம்பி துசாந்தன் அனுப்பிய பயணக் காப்புறுதியை வாசித்தேன். முன்பு செய்த சத்திரசிகிச்சை ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று இருக்கிறது. பிறசர் வருத்தமும் இல்லையாம். போன வருசம் கிணத்தடியில் வழுக்கி விழுந்து, இடது இடுப்பு மூட்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் உலோகக் குண்டும் கிண்ணமும் பூட்டிய இராசாத்தி என்ற பொம்பிளை யார்? நான் ஆஸ்பத்திரியில் இரவு இரவாகக் காவல் இருந்தது வேற யாருக்கோவா?

நீ அவசரத்தில் பிழையாகச் சொல்லியிருக்கலாம், அல்லது துசாந்தன் கேட்காமலே எழுதியிருக்கலாம். எதுவானாலும் உடனே திருத்து. மறைத்து வாங்கிய காப்புறுதி காப்புறுதியே இல்லை. அங்கே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தால்கூட அவர்கள் இங்கத்தை ஆஸ்பத்திரிக் கடதாசிகளைக் கேட்பார்கள். இடுப்பை மறைத்தது தெரிந்தால் காய்ச்சலுக்கும் சதம் தரமாட்டார்கள். மூட்டு மாற்றினதைச் சொன்னால் கொஞ்சம் கூடக் கட்டவேண்டி வரும். கட்டு. உனக்கு ஏலாது என்றால் நான் கட்டுகிறேன்.

இன்னொன்று, பிறசர் குளிசையின் அளவைப் பயணத்துக்குக் கிட்ட மாற்றக்கூடாது. வருத்தம் ஒரே நிலையில் இருக்கிறது என்று காட்டினால்தான் அதற்கும் காப்பு உண்டு. கிளினிக்கில் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்ற ஆயத்தங்கள் என் பொறுப்பு. எலும்பு டொக்டர் அப்ஹாமிடம் கடிதம் எடுத்துவிட்டேன். அம்மாட இடுப்பில் உலோகம் இருப்பதாக அதில் இருக்கிறது. கட்டுநாயக்க எயார்போட்டில் மெசின் கத்தினால் அவ அந்தக் கடிதத்தைக் காட்டவேணும், பயந்து அழத் தேவையில்லை. எயார்போட்டுக்கு வான் பிடித்து, முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, தலையணை வைத்து உயர்த்தித்தான் கூட்டிப்போவேன். வழியில் பொலன்னறுவையில் இறக்கி நடக்கவைப்பேன். பிளேனில் நடைபாதைக் கரைச் சீற்றுத்தான் வேணும், இடது கால் நீட்டக்கூடிய பக்கமாக. சக்கர நாற்காலிக்கு இப்பவே எழுதிக் கேள். இரத்தம் கட்டாமல் இருக்கிற குளிசையும் இறுக்கமான காலுறையும் கைப்பையில் வரும். பெட்டிக்குள் போட்டு அனுப்பினால் பெட்டி மட்டும்தான் சுகமாக வரும்.

உங்கட வீட்டில் அவவுக்கு உயரமான கதிரை வேணும். நிலத்தில் இருக்கக்கூடாது, சம்மணம் போடக்கூடாது, பலகையில் குந்தக்கூடாது. இதை வாசித்துவிட்டு மறந்துவிடாதே.

கஜானி பெரிய பிள்ளையானதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோசம் என்று எனக்கு எழுதத் தெரியாது. அவளுக்கு என் அன்பைச் சொல்லு.

உன் தம்பி,
வினோஜன்


நாவற்குடா,
மாசி மாதம், வியாழக்கிழமை.

அக்காவுக்கு,

நீ போனில் சொன்னதை நான் இரண்டு நாளாக யோசித்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது விசர்க்கதைதான்.

நீ சொன்னதை நான் விளங்கியபடி எழுதுகிறேன், பிழையென்றால் திருத்து. காப்புறுதி விற்கிறவன் அத்தான்ட தம்பி துசாந்தன். அத்தான்ட அம்மா கண்ணகை மாமி இருப்பது மொன்றியலில், அவன்ட வீட்டில். அவனிடம் அம்மாட இடுப்பைப் பற்றிச் சொன்னால் அன்று இரவே மாமிக்குத் தெரியும். மாமிக்குத் தெரிந்தால், சடங்கில் கஜானியின் தலையில் முதல் தண்ணி வார்க்க அம்மாவை விடமாட்டா. அதனால் இல்லை என்று எழுதச் சொன்னாய். சரிதானே?

கனடாவில் வேற காப்புறுதிக்காரரே இல்லையா என்று நான் கேட்டேன். அதற்கு நீ, குடும்பத்துக்குள்ள ஆள் இருக்கக்குள்ள வெளியில வாங்கினா என்ன நினைப்பாங்க என்று சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. வருத்தத்தைச் சொந்தக்காரனிடம் சொல்லவும் ஏலாது, சொந்தக்காரனை விட்டுப் பிறத்தியானிடம் வாங்கவும் ஏலாது. ஆகவே பொய். அந்தப் பொய்யை இடுப்பில் கட்டிக்கொண்டு பறக்கப்போவது அம்மா.

மாமி அந்தக் காலத்து ஆள் என்கிறாய். எனக்கு மறக்கவில்லை. இங்கே நாவற்குடாவில் நடந்த ஒரு கலியாணத்தில், கை முறிந்து உலோகப் பிளேற் வைத்த ஒரு பொம்பிளை ஆராத்தித் தட்டைத் தொடப்போக, பின்னமான உடம்பு, நீ தள்ளி நில்லு பிள்ளை என்று மாமி எல்லாருக்கும் முன்னால் சொன்னா. அந்த மனிசி சாப்பிடாமலே போய்விட்டா. அம்மாவும் பக்கத்தில்தான் நின்றா. அதனால் அம்மாவுக்கும் நீ சொன்ன பயம் இருக்கிறது. அவவுக்கு நீ தைரியம் சொல்லியிருக்கவேணும். நீயோ ஒளிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

இதையும் கேள். அம்மா ஊன்றி நடக்கிற பொல்லு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நான் வேலைக்குப் போனதும் வீட்டுக்குள் பொல்லில்லாமல் நடக்கிறா போல. வந்து கேட்டால், கை வலிக்குது மனே, அதுதான் என்று ஒரு காரணம் சொல்லுகிறா. நான் சத்தம் போட்டேன். அவ சோறு போட்டுத் தந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டா.

துசாந்தனுக்கு நானே எழுதுவேன் என்று சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துத் தன்ட தலையில் வைத்துவிட்டா. கஜானிட சடங்கு முடியுமட்டும் வாய் திறக்கக்கூடாதாம். காப்புறுதிக் கொம்பனியின் சட்டம் எனக்குத் தெரியும், ஆனால் அம்மாட தலையில் கையை வைத்துக்கொண்டு என்ன கதைக்க? அதனால் பொறுக்கிறேன். நீயே அவனிடம் சொல்லு. மாமியோடு கதைப்பது உன் வேலை. உன்ட மாமி.

என் விசாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறுத்துவிட்டார்கள். நான் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கையில்லையாம். பரவாயில்லை. தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் யார் நிற்பார் என்று நான் கேட்கப்போவதில்லை. கஜானிக்கு எடுத்த சாரி அம்மாட பெட்டியில் வரும். நிறம் பிடிக்காவிட்டால் பிடித்தமாதிரி நடிக்கச் சொல்லு. நடிக்க உங்கட வீட்டில் பழகலாம்தானே.

வினோஜன்


நாவற்குடா,
பங்குனி, திங்கட்கிழமை.

அக்கா,

அம்மா வழுக்கி விழுந்துவிட்டா என்று அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். அவருக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறது. அவ வழுக்கி விழவில்லை.

நான் கரடியனாற்றில் ஒரு மெசினுக்குக் கீழே படுத்துக் கிடந்தேன். பக்கத்து வீட்டு றஞ்சிதா அக்கா போன் எடுத்தா. நான் வந்தபோது அம்மா குசினி நிலத்தில் கிடந்தா. இடது கால் கட்டையாகி, பாதம் உள்ளுக்குத் திரும்பிக் கிடந்தது. பக்கத்தில் தேங்காய் திருவுகிற பலகை. அதற்கு முன்னால் அம்மாட பெரிய செம்புக் குடம், தண்ணி முழுதும் ஊற்றுப்பட்டு. குடத்துக்கு முன்னால் ஒரு உரப்பையை உருட்டி நிமிர்த்தி வைத்திருந்தா. அது என்ன என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. மறுகாதான் விளங்கியது, அது கஜானி.

பலகையில் குந்தி, குடத்தைத் தூக்கி வார்த்து, பிடிக்காமல் எழும்பப் பழகியிருக்கிறா. குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிட்டது. மெசினில் இப்படி ஒரு பூட்டைப் போட்டு இந்தளவு மடித்தால் கழரும் என்று நான் யாருக்கும் சொல்லலாம். வீட்டில் சொல்லித்தான் இருந்தேன். உனக்கும் எழுதினேன்.

அவவாகப் பழகவில்லை என்பதை றஞ்சிதா அக்காதான் சொன்னா. வேலிக்கு அங்காலும் கேட்கிற சத்தத்தில்தான் நீ போனில் கதைப்பாயாம். சடங்கு ஹோலில் பலகை போடுவாங்க அம்மா, மாமி பார்த்துக்கொண்டு நிப்பா, இப்பவே இருந்து எழும்பிப் பழகுங்க என்று சொன்னாயாம். அதை நான் அம்மாவிடம் கேட்கவில்லை. ஓட்டோவில் போகும்போது, நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு அவவே சொன்னா:

"மனே, அக்காட்ட வழுக்கின எண்டு சொல்லு. அவள் பாவம், அங்க தனிய கிடந்து சமாளிக்காள்."

இதைத்தான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் நீ கேட்டால் சொல்லியிருக்கலாம்.

மயக்கி, இழுத்து, மூட்டைத் திரும்ப இருத்திவிட்டார்கள். டொக்டர் அப்ஹாம் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இப்போதைக்குப் பிளேனைப் பற்றிக் கதைக்கவேண்டாம் என்றார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டா. சாரி மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பிறகு கேட்டா. இது மொன்றியல் ஹோலிலோ, பிளேனிலோ நடந்திருந்தால் அந்தக் காப்புறுதியை வைத்து ஒரு பனடோலும் வாங்கியிருக்க ஏலாது. அதை யோசித்துப் பார்.

பயணம் இல்லை என்று ஆனபிறகு துசாந்தனுக்கு நான் எழுதினேன். காப்புறுதியை நிற்பாட்டச் சொல்லவேணும், காரணமும் சொல்லவேணும். அம்மாட தலையில் வைத்த கையாலேதான் எழுதினேன். அவன் உடனே போன் எடுத்தான். மச்சான், இதை முதலே சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டான். நான் நல்லா ஏச்சுக் குடுத்தேன். குடுத்து முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன்ட அம்மாட முழங்கால் இரண்டும் மாற்றினது என்று சொன்னான்.

ஓம். கண்ணகை மாமிக்கு. இலங்கையைவிட்டுப் போவதற்கு முன்னம், கொழும்பில். அப்போது மாமிட பயணக் காப்புறுதியில் இவன்தான் எல்லாத்தையும் சரியாக எழுதிக் கட்டியிருக்கிறான். எங்கட பக்கத்துக்குச் சொல்லவேண்டாம் என்று மாமி சத்தியம் வாங்கினாவாம். சம்பந்தி வீட்டார் தன்னைப் பின்னமான உடம்பு என்று சொல்லிவிடுவார்கள் என்று பயமாம். எங்கட அம்மாவுக்குப் பயந்திருக்கிறா! அந்தக் கலியாணத்தில் தான் சொன்ன சொல்லு தனக்கே திரும்பி வரும் என்று மனிசி இவ்வளவு காலமும் நித்திரையில்லாமல் இருந்திருக்கிறா.

அத்தானுக்கு இது தெரியும். உனக்குச் சொல்லவில்லை. அதை நீங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதற்குள் வேலை இல்லை. ஆனால் ஒன்று. மாமியும் அந்த ஹோலில் பலகையில் இருந்து எழும்பித்தான் காட்டப்போகிறா. அம்மா வந்து பார்த்துக்கொண்டிருப்பா என்று மாமியும் எங்கேயோ கதவைச் சாத்திவிட்டுப் பழகிக்கொண்டுதான் இருந்திருப்பா.

சடங்கைப் பிற்போடாதே. ஹோல் எடுத்தாயிற்று, பிள்ளையும் காத்திருக்கிறாள். சாரியைத் தபாலில் அனுப்பிவிட்டேன். என் மேல் நீ கோபப்படலாம். எனக்கும் உன் மேல் இருக்கிறது, அது இப்போதைக்கு இறங்காது. அப்பா இன்றைக்கும் வட்டையில் நின்று உன்னைப் பற்றித்தான் கேட்டார்.

நான் கேட்பது இவ்வளவுதான். அன்றைக்கு ஹோலில் கண்ணகை மாமிக்கு ஒரு கதிரை போடு. உயரமான கதிரை, கை வைத்து எழும்பக்கூடியது. எல்லாருக்கும் தெரியப் போடு. முதல் தண்ணியை அவவே கதிரையில் இருந்து வார்க்கட்டும். இங்கே நான் அம்மாவைக் கதிரையில் இருத்தி வீடியோவில் காட்டுவேன். அந்த நேரம் அம்மாட முகத்தைப் பார்த்து, மாமிக்கும் சனத்துக்கும் கேட்கிற மாதிரி, அம்மா, இடுப்பு இப்ப எப்பிடி இருக்கு என்று ஒருக்கால் கேள்.

அவ பதில் சொல்லுமட்டும் போனை வைக்காதே.

கஜானி நல்லாயிருக்கட்டும்.

வினோஜன்