கதவுக்குப் பின்னால் ஒரு மட்டை

என் வீட்டுக்காரருக்கு,

நான் சௌக்கியம். உங்க முதுகுவலி எப்படி இருக்கு? அத்தை வேளாவேளைக்கு மாத்திரை போடுறாங்களா?

ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. நான் பேஸ்பால் மட்டை வாங்கியிருக்கேன்! ஆஸ்பத்திரித் துணி வெளுக்குற இடத்துல எனக்கு இப்ப ராத்திரி ஷிப்ட். பகல்லதான் தூக்கம். அப்போ மாடியில வேற யாரும் இருக்க மாட்டாங்க. போன வாரம் யாரோ ரெண்டு தடவை என் கதவுக் கைப்பிடியைத் திருகிப் பார்த்தாங்க.

கடைக்காரர், "எங்க நின்னு ஆடுவீங்க?"ன்னார்.

"கதவுக்குப் பின்னால"ன்னேன்.

அவர் சிரிக்கல. மரம்னா உடையலாம், ரெண்டு துண்டு சேர்த்த கார்பன் மட்டை கைக்கு இதம், ஆனா அடிச்சு அடிச்சுப் பழக்கணும்னார். ஒரே துண்டு அலுமினியம் கையை அதிர வைக்கும், சத்தம் ஊரைக் கூட்டும்னார். அதையே எடுத்தேன்.

இன்னைக்கு மத்தியானம் கைப்பிடி மறுபடி திரும்பிச்சு. தாழ்ப்பாளும் ஆடிச்சு. கத்த நினைச்சேன், குரலே வரல. மட்டையால இரும்புக் கட்டில் காலை ஓங்கி ஒரு போடு போட்டேன். கட்டடமே கணீர்னு அதிர்ந்துச்சு. யாரோ தடதடன்னு படியிறங்கி ஓடினாங்க. விரல் இன்னும் விறுவிறுங்குது, அதான் எழுத்து கோணல்.

பயப்படாதீங்க. வீட்டுக்காரம்மா புதுப் பூட்டு மாட்டிட்டாங்க.

நம்ம ஊர் டெய்லரோட மகள் லீவு முடிஞ்சு இங்க திரும்பும்போது உங்க செருப்பு ஒரு ஜோடி கொடுத்தனுப்புங்க. புதுசு வேண்டாம், நீங்க போட்டுத் தேஞ்சதா இருக்கட்டும். என் அறை வாசல்ல விடணும்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு.

உங்க வாயாடி